மீண்டும் வெள்ளைப் பட்டை

நுழையும்முன்

கராத்தே என்றவுடன் ஓடு உடைப்பதும் கறுப்புப் பட்டையுமே பலருக்கும் நினைவுக்கு வருகின்றன. அந்தப் பட்டைக்கு முன்னுள்ள நிறங்கள் எங்கிருந்து வந்தன? ஒரு நிறத்திலிருந்து அடுத்த நிறத்திற்குச் செல்லும் மாணவரிடம் உண்மையில் என்ன மாறுகிறது? பழனி மலைத்தொடரில் உள்ள மன்னவனூரில் வளர்ந்த ஒருவர், தம் பயிற்சிக் காலத்தின் ஊடாக இவ்வினாக்களை அணுகுகிறார்.

ஞாயிற்றுக்கிழமைப் பேருந்து

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை வழியாக மேற்கே செல்லும் மலைச்சாலையில் ஏறத்தாழ 35 கிலோமீட்டர் சென்றால் எங்கள் ஊர் மன்னவனூர் வரும். பூண்டும் உருளைக்கிழங்கும் கேரட்டும் விளையும் படிக்கட்டு வயல்கள், கம்பளி ஆடுகளை வளர்த்து ஆராயும் நடுவணரசின் மையம், புல்வெளிக்கு நடுவே ஓர் ஏரி ஆகியவை எங்கள் ஊரின் அடையாளங்கள். இன்று ஏரியைக் காண வண்டிகள் வரிசையாக வருகின்றன. என் பள்ளிப் பருவத்தில் எங்களைத் தேடி வருபவர் குறைவு. நாங்கள்தாம் எதற்கும் கொடைக்கானலுக்குச் செல்ல வேண்டும். கராத்தேக்கும் அப்படித்தான்.

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த கோடையில் நான் பயிற்சிக்குச் சேர்ந்தேன். ஞாயிறுதோறும் காலைப் பேருந்தில் சென்று மாலைப் பேருந்தில் திரும்புவேன். சேர்ந்த அன்று வெள்ளை உடையும் வெள்ளைப் பட்டையும் கொடுத்தார்கள். மூன்று மாதங்கள் கழித்துத் தேர்வு என்றார்கள். தேர்வுக்குக் கட்டணம் உண்டு. அப்பா பூண்டு விற்ற பணத்திலிருந்து அதைக் கொடுத்தார். மஞ்சள் கிடைத்தது. அடுத்த மூன்று மாதத்தில் ஆரஞ்சு, அதற்கடுத்து பச்சை. ஓராண்டு நிறைவதற்குள் மூன்று நிறங்களைக் கடந்துவிட்டேன். என்னுடன் தேர்வெழுதிய ஒருவர்கூடத் தோற்றதாக நினைவில்லை. அது எனக்கு அப்போது விந்தையாகவும் தோன்றவில்லை.

பச்சைப் பட்டை கட்டிய சில மாதங்களில் அந்தப் பயிற்சியிடம் மூடப்பட்டது. வேறோர் ஆசிரியரைத் தேடிச் சென்றேன். அவர் என் இடுப்பைப் பார்க்கவில்லை. முதலில் என் பாதங்களைப் பார்த்தார். "முதல் கட்டாவைச் செய், தம்பி" என்றார். செய்தேன். பாதியில் வரும் முக்கால் சுற்றுத் திருப்பத்தில் தடுமாறி, ஓர் எட்டு கூடுதலாக வைத்துச் சமாளித்தேன். முடித்து நிமிர்ந்தபோது தொடங்கிய இடத்திற்கும் நின்ற இடத்திற்கும் இடையில் இரண்டு பேர் படுத்துறங்கலாம்.

அவர் கடிந்துகொள்ளவில்லை. "இங்கே சேர வேண்டுமானால் வெள்ளைப் பட்டையோடு வா, பச்சையைக் கட்டிக்கொள்ள வேண்டுமானால் அதற்கும் இடம் உண்டு, ஆனால் இங்கில்லை" என்று மட்டும் சொன்னார்.

அன்று மாலைப் பேருந்தில் பட்டையைச் சுருட்டிப் பைக்குள் ஆழப் புதைத்துக்கொண்டு ஊர் திரும்பினேன். அடுத்த ஞாயிறு நான் வெள்ளைப் பட்டையை எடுத்து வைத்ததைக் கண்ட அப்பா, "பச்சையா இருந்துச்சே, சாயம் போயிருச்சா?" என்று கேட்டார். கேலிக்காகக் கேட்டாரா, உண்மையாகவே கேட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கட்டணம் கொடுத்தவர் அவர். கேட்கும் உரிமை அவருக்கு இருந்தது.

நிறங்களின் பிறப்பு

பட்டை என்பது கராத்தேயின் சொந்தச் சொத்தன்று. அது ஜூடோவிலிருந்து கடன்பெற்றது. ஜிகோரோ கானோ என்னும் கல்வியாளர் 1882ஆம் ஆண்டு டோக்கியோவில் கோடோகான் என்னும் ஜூடோப் பயிற்சிக்கூடத்தை நிறுவினார். அதற்கு முன்பு ஜப்பானியப் போர்க்கலைப் பள்ளிகளில் தேர்ச்சிக்குச் சான்றாகத் தரப்பட்டவை எழுத்துச் சுருள்கள். மாணவர் பல ஆண்டுகள் பயின்ற பிறகு ஆசான் மனமிரங்கிச் சுருளை அளிப்பார். இரு சுருள்களுக்கு இடைப்பட்ட நீண்ட காலத்தில் தாம் எவ்வளவு தொலைவு வந்திருக்கிறோம் என்பதை அறிய மாணவருக்கு வழியில்லை. பள்ளி ஆசிரியராகவும் விளங்கிய கானோவுக்கு இக்குறை தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். அவர் 'டான்' என்னும் படிநிலை முறையைக் கொண்டுவந்து, 1883இல் தம் மாணவர் இருவருக்கு முதல் டானை வழங்கினார். இம்முறையும் அவர் புதிதாகக் கண்டதன்று. 'கோ' என்னும் ஜப்பானியப் பலகை விளையாட்டில் 17ஆம் நூற்றாண்டிலேயே ஆட்டக்காரர்களை டான்களாகத் தரம் பிரித்திருந்தார்கள். ஒரு விளையாட்டுப் பலகையிலிருந்து மல்யுத்தக் களத்திற்கு வந்த வழக்கம் அது. டான் பெற்றவர்களைப் பிறரிடமிருந்து பிரித்துக்காட்டக் கறுப்புப் பட்டை வந்தது.

கராத்தே அப்போது ஜப்பானின் தெற்கே உள்ள தீவான ஒக்கினாவாவில் இருந்தது. அங்கே பட்டையும் இல்லை, தனி உடையும் இல்லை. மாணவர்கள் ஆசானின் வீட்டு முற்றத்தில் பயின்றார்கள். 1901ஆம் ஆண்டளவில் அன்கோ இத்தோசு என்னும் ஆசான் அதனை ஒக்கினாவாப் பள்ளிகளுக்குள் கொண்டுசென்றார். பழைய கட்டாக்கள் சிறுவர்களுக்குக் கடினமானவை என்பதால் ஐந்து தொடக்கநிலைக் கட்டாக்களையும் அவர் அமைத்தார். 'கட்டா' என்பது எதிராளி இருப்பதாகக் கொண்டு குறிப்பிட்ட வரிசையில் செய்யும் அசைவுத் தொகுப்பு. இன்று மாணவர் ஒருவர் ஒவ்வொரு பட்டைக்கும் ஒரு கட்டாவாகக் கற்றுச் செல்ல முடிகிறதென்றால், அதற்குக் காரணம் இத்தோசு பள்ளிக்கூடத்தை மனத்தில் வைத்து அமைத்த அந்த ஐந்தும்தான்.

இத்தோசுவின் மாணவர்களில் ஒருவர் கிச்சின் ஃபுனாகோஷி. 1868இல் பிறந்த இவரும் பள்ளி ஆசிரியர். (கராத்தேயின் வரலாற்றில் வீரர்களைவிட ஆசிரியர்களே மிகுதி என்பது என்னை எப்போதும் மகிழ்விக்கும் செய்தி.) இவர் 1922இல் டோக்கியோவில் நடந்த உடற்கல்விக் கண்காட்சியில் கராத்தேயைச் செய்துகாட்டினார். அதைக் கேள்வியுற்ற கானோ அவரைக் கோடோகானுக்கு அழைத்தார். ஒரு கலையின் தலைவர் மற்றொரு கலையின் தலைவருக்குத் தம் களத்தையே திறந்துவிட்டது பெருந்தன்மை. அத்தொடர்பின் பயனாக ஜூடோவின் உடையமைப்பும் டான் முறையும் கராத்தேக்கு வந்துசேர்ந்தன. 1924ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஃபுனாகோஷி தம் மாணவர் சிலருக்குக் கராத்தேயில் முதன்முதலாக டான் வழங்கினார். அவர்களுள் ஒருவரான ஹிரோனோரி ஓத்சுகா பின்னாளில் வாடோ ரியூ என்னும் தனிப் பிரிவைத் தோற்றுவித்தார்.

இதுவரை மஞ்சளும் பச்சையும் வரவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அந்நிறங்கள் ஜப்பானில் பிறந்தவை அல்ல. 1920களில் லண்டனிலும் 1930களில் பாரிசிலும் ஜூடோ கற்பித்த ஜப்பானிய ஆசிரியர்கள், வெள்ளைக்கும் கறுப்புக்கும் இடையில் வண்ணப் பட்டைகளைப் புகுத்தினார்கள். ஜப்பானிய மாணவரைப்போல் ஆண்டுக்கணக்கில் வெள்ளைப் பட்டையுடன் காத்திருக்க ஐரோப்பிய மாணவருக்குப் பொறுமை இல்லை என்று இதற்குக் காரணம் கூறுவார்கள். அக்கூற்றில் சிறிது ஏளனமும் கலந்திருக்கிறது. என் கருத்தில், பொறுமையைவிடத் தெளிவுதான் அங்கே தேவைப்பட்டது. வாரத்தில் ஓரிரு நாள் மட்டுமே பயிலவரும் ஒருவருக்கு அடுத்த படி எது என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். முப்பத்தைந்து கிலோமீட்டர் பயணம் செய்து வந்த எனக்கும் அது தேவைப்பட்டது.

வெள்ளைப் பட்டை அழுக்கேறி அழுக்கேறித்தான் கறுப்பாயிற்று என்றொரு கதை எல்லாப் பயிற்சிக்கூடங்களிலும் உலவுகிறது. கேட்க இனிமையான கதைதான். ஆனால் மேற்கண்ட வரலாற்றில் அதற்கு இடமில்லை. கறுப்புப் பட்டை தொடக்கத்திலேயே கறுப்பாகத்தான் வந்தது.

இன்று நம் நாட்டில் பரவலாகக் காணப்படும் வரிசை வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு, கறுப்பு என்பதாகும். சில பிரிவுகளில் ஊதாவும் இடம்பெறும். சிலவற்றில் வரிசை சற்று மாறும். கறுப்புக்கு முந்தைய நிலைகளுக்குக் 'கியூ' என்று பெயர். கியூக்கள் இறங்குமுகமாக எண்ணப்படுகின்றன. பத்தாம் கியூவில் தொடங்கி முதற்கியூவில் முடியும். டான்கள் ஒன்றில் தொடங்கி ஏறும். முதல் டானுக்கு 'ஷோடான்' என்று பெயர். ஜப்பானிய மொழியில் ஒன்று என்பதைக் குறிக்கும் வழக்கமான எண்ணுப்பெயர் இங்கே இல்லை. 'தொடக்கம்' என்னும் பொருளுடைய சொல்லே இருக்கிறது.

தெரியுமா?

உலகக் கராத்தேக் கூட்டமைப்பின் போட்டிகளில் வீரர்கள் தாம் பெற்ற நிறத்தைக் கட்டிக்கொண்டு களமிறங்குவதில்லை. ஒருவர் சிவப்பும் மற்றவர் நீலமும் கட்டுவர். அந்நிறங்கள் நடுவர் அடையாளம் காண்பதற்கு மட்டுமே. தகுதியைக் குறிப்பன அல்ல. 2021இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் கராத்தே முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. ஆடவர் கட்டாப் போட்டியில் தங்கம் வென்ற ரியோ கியூனா, கராத்தேயின் தாயகமான ஒக்கினாவாவைச் சேர்ந்தவர்.

இருபத்தொரு அசைவுகள்

ஷோட்டோகான் பிரிவில் வெள்ளைப் பட்டை மாணவர் முதலில் கற்பது 'ஹெய்யான் ஷோடான்' என்னும் கட்டா. இத்தோசு அமைத்த ஐந்தில் ஒன்று. பின்னாளில் ஃபுனாகோஷி இப்பெயரை இட்டார். இதில் மொத்தம் 21 அசைவுகள். ஒரு நிமிடத்திற்குள் முடிந்துவிடும். இதை மட்டும் அந்த ஆசிரியரிடம் எட்டு மாதங்கள் செய்தேன்.

இடப்புறம் திரும்பிக் கீழ்த்தடுப்பு. வலக்காலை முன்வைத்து நேர்க்குத்து. பின்னால் திரும்பி மீண்டும் கீழ்த்தடுப்பு. பிடிபட்ட கையை விடுவித்துக்கொள்வதுபோல் இழுத்துச் சுழற்றி மேலிருந்து ஓர் அடி. அடுத்து ஒரு குத்து. பிறகு நடுக்கோட்டில் முன்னேறி மூன்று மேல்தடுப்புகள். மூன்றாவதில் அடிவயிற்றிலிருந்து ஒரு முழக்கம். அங்கிருந்து முக்கால் சுற்றுத் திருப்பம். நான் தடுமாறிய இடம் அதுதான். இருபுறமும் தடுப்பும் குத்துமாகச் சென்று, வந்த கோட்டிலேயே திரும்பி மூன்று குத்துகள்; மறுபடியும் முழக்கம். முடிவில், உடலின் எடையைப் பின்னங்காலில் தாங்கி நான்கு கத்திக்கைத் தடுப்புகள். ஒருவர் நடந்த தடத்தைச் சுண்ணக்கட்டியால் தரையில் வரைந்தால், தண்டவாளத் துண்டை முனையிலிருந்து பார்ப்பதுபோன்ற வடிவம் கிடைக்கும். சரியாகச் செய்தவர் தொடங்கிய புள்ளியிலேயே வந்து நிற்பார்.

தொடங்கிய இடத்திற்குத் திரும்புவது ஓர் அழகுக்காக வைத்த விதி என்றுதான் நெடுநாள் எண்ணியிருந்தேன். அது ஓர் அளவுகோல் என்பது பின்னரே புலப்பட்டது. முன்னங்கால் முழங்காலை மடக்கி, பின்னங்காலை நீட்டி நிற்கும் முன்நிலையில் ஒவ்வோர் எட்டும் ஒரே நீளமாக இருக்க வேண்டும். களைப்பில் முழங்கால் நிமிர்ந்தால் எட்டு குறுகும், அவசரத்தில் நீளும். குறுகியதும் நீண்டதும் கணக்கில் சேர்ந்து, கடைசியில் நிற்குமிடம் உண்மையைச் சொல்லிவிடும். தேர்வாளர் வாய்திறக்க வேண்டியதில்லை.

ஆசிரியர் என்னிடம் திருத்தியவை மிகச் சிறியவை. பின்னங்காலின் குதிகால் தரையிலிருந்து எழுந்திருந்தது. குத்தும் கையிலேயே என் கவனம் முழுதும் சென்றதால், இடுப்புக்கு இழுபட வேண்டிய மற்றொரு கை காற்றில் மிதந்தது. இழுக்கும் கையின் வேகம்தான் இடுப்பைச் சுழற்றுகிறது. இடுப்பின் சுழற்சிதான் குத்துக்கு வலுவூட்டுகிறது. திருப்பத்தில் தடுமாறியதற்குக் காரணம் கால் அன்று, கண். உடல் திரும்பும் முன்பே தலை திரும்பி, எதிராளி நிற்கும் திசையைப் பார்த்துவிட வேண்டும். நானோ கால் போன பிறகு பார்வையை அனுப்பிக்கொண்டிருந்தேன். பச்சைப் பட்டைவரை இவற்றை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. தெரிந்தும் சொல்லாமல் விட்டிருக்கலாம். சொன்னால் தேர்வு தள்ளிப்போகும்.

மன்னவனூரில் பயில்வதற்குச் சமதளமான இடம் அரிது. உருளைக்கிழங்கு தோண்டிய பின் அப்பா ஒரு படிக்கட்டு வயலைச் சில நாள் எனக்காக விட்டுவைப்பார். அதன் அகலம் கட்டாவுக்கு மட்டுமட்டாக இருக்கும். எட்டு நீண்டால் கீழ்ப்படியில் விழ வேண்டியதுதான். இரண்டு முறை விழுந்தேன். பனிக்காலத்து விடியலில் காய்ந்த புல்லின்மேல் வெறுங்காலுடன் நிற்பதைப் பற்றி எழுதாமல் விடுவதே நல்லது.

ஃபுனாகோஷி தம் இளமையில் 'டெக்கி' என்னும் மூன்று கட்டாக்களைக் கற்பதற்கே பத்தாண்டுகள் செலவிட்டதாக எழுதியிருக்கிறார். என் எட்டு மாதங்களை அதனோடு ஒப்பிட்டு ஆறுதல் அடைந்ததுண்டு. நம் சிலம்பத்திலும் கம்பைக் கையில் தருவதற்கு முன் காலடிப் பாடம் உண்டு. எங்கள் பாட்டனார் காலத்து வாத்தியார்கள் பட்டை கட்டிவிட்டதில்லை. ஒரு மாணவரைத் தம் எதிரில் கம்பெடுத்து நிற்கச் சொல்வதே அவர்கள் தரும் தகுதி. அம்முறையில் மாணவர் ஆசிரியரின் நேர்மையை முழுவதுமாக நம்பியிருக்க வேண்டும். பட்டை முறையிலும் அதே நிலைதான். ஆனால் நிறம் என்றொரு திரை நடுவில் இருப்பதால் அது எளிதில் தெரிவதில்லை.

தேர்வு நாள்

நிறத்தேர்வு மூன்று பகுதிகளைக் கொண்டது. 'கிஹோன்' என்னும் அடிப்படை அசைவுகள் முதலாவது. குத்தும் உதையும் தடுப்பும் தனித்தனியே பார்க்கப்படும். இரண்டாவது கட்டா. மூன்றாவது 'குமிதே', அதாவது எதிராளியுடன் மோதல். தொடக்கநிலையில் இன்ன இடத்தில் தாக்கப்போகிறேன் என்று அறிவித்துவிட்டுத்தான் தாக்குவர். நிறம் ஏற ஏற அறிவிப்பு குறையும். பழுப்பில் அறிவிப்பே இராது. எந்நிலையிலும் குத்து, உடலைத் தொடுவதற்குச் சற்று முன்பே நிறுத்தப்பட வேண்டும். குத்துவதைவிட நிறுத்துவது கடினம் என்பதை, ஒருமுறை நிறுத்தத் தவறி நண்பனின் உதட்டைக் கிழித்த பிறகு அறிந்தேன். அந்தத் தேர்வில் எனக்குத் தோல்வி. பழுப்புக்கான முதல் முயற்சி அது. நண்பன் தேறினான், வீங்கிய உதட்டுடனேயே பட்டை வாங்கிக்கொண்டான்.

தோல்வி அடைந்த அன்று எனக்கு ஒரு வியப்பு காத்திருந்தது. வருத்தத்தின் நடுவே, இந்த இடத்தில் தோற்க முடிகிறது என்பது ஒருவகை நிம்மதியைத் தந்தது. அப்படியானால் முன்பு இங்கே பெற்ற மஞ்சளும் பச்சையும் நீலமும் உண்மையானவை என்றாகிறது அல்லவா?

மூன்று மாதங்கள்

இப்போது அரசுப் பள்ளி மாணவியருக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின்கீழ் மூன்று மாதங்கள் தற்காப்புக்கலைப் பயிற்சி அளிக்கப்படுகிறது. கராத்தே, ஜூடோ, சிலம்பம் போன்றவை அதில் கற்பிக்கப்படுகின்றன. என் அக்காள் மகள் அதில் பயின்றவள். மூன்று மாதங்கள் என்பது நல்ல பயிற்சியிடத்தில் வெள்ளைப் பட்டையின் முதற்பாதி. பிடித்த கையை உதறவும் உரத்துக் குரலெழுப்பவும் நிமிர்ந்து நிற்கவும் அக்காலம் போதும். அவை சிறியவை அல்ல. ஆனால் பயிற்சி முடிந்த மறுவாரம் அவள் என்னிடம் வந்து, "மாமா, அதுக்கப்புறம் என்ன?" என்று கேட்டாள். மலையூரில் அதற்கப்புறம் ஒன்றுமில்லை, பேருந்துதான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் வயலுக்கு ஆள் தேவைப்படும்போது, பேருந்தேறும் உரிமை ஆண்பிள்ளைக்குக் கிடைப்பதுபோல் பெண்பிள்ளைக்கு எளிதில் கிடைப்பதுமில்லை. எனக்குக் கிடைத்தது. அதை நான் என் உழைப்பின் கணக்கில் சேர்க்க முடியாது.

அவளுக்கு அதே படிக்கட்டு வயலில் நான் முதற்கட்டாவைச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினேன். அவள் என்னைவிட விரைவில் கற்றாள். அவள் கண் காலுக்கு முன்னே சென்றது.

தொடக்கப்படி

பழுப்பில் மூன்று கியூக்கள் உண்டு. அவற்றைக் கடந்து, மீண்டும் வெள்ளைப் பட்டை கட்டிய நாளிலிருந்து ஏழாவது ஆண்டில், ஷோடான் தேர்வுக்குச் சென்றேன். அப்பாவும் உடன் வந்திருந்தார்; நான் தேர்வெழுதுவதை அவர் பார்த்தது அது ஒருமுறைதான். தேர்வாளர்கள் மூவர் மேசைக்குப் பின்னால் அமர்ந்திருந்தனர். பெரிய கட்டாக்களை மாதக்கணக்கில் மெருகேற்றி வைத்திருந்தேன். நடுவிலிருந்தவர் தாளைப் புரட்டாமலே, "ஹெய்யான் ஷோடான்" என்றார்.

தரையில் சுண்ணக்கட்டியால் ஒரு புள்ளி இட்டிருந்தார்கள். அதன்மேல் நின்று வணங்கிவிட்டு இடப்புறம் திரும்பினேன். இருபத்தொரு அசைவுகள் முடிந்து குனிந்து பார்த்தபோது, புள்ளி என் பெருவிரலுக்கு முன்னே ஒரு சாண் தள்ளித் தெரிந்தது. தேர்வாளர் எழுந்துவந்து அதைப் பார்த்தார், தாளில் ஏதோ எழுதினார், "அடுத்தது" என்றார்.

திரும்பும் வழியில், பூம்பாறையைக் கடந்து பேருந்து இருளில் ஏறிக்கொண்டிருந்தபோது, அப்பா என் மடியிலிருந்த கறுப்புப் பட்டையை விரலால் தேய்த்துப் பார்த்தார். "இது சாயம் போவாதுல்ல?" என்றார்.

"கட்டக் கட்ட வெளுக்கும்பா. உள்ள இருக்கற வெள்ளை நூலு தெரிய ஆரம்பிக்கும்" என்றேன்.

அவர் சற்று நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, அந்தப் புள்ளிக்கும் காலுக்கும் இடையே எவ்வளவு இருந்தது என்று கேட்டார். நான் கையை விரித்துக் காட்டினேன்.